படல்மேல் நின்ற அண்டங்காக்கை

1994 ஜனவரி 1 அன்று அயர்லாந்தின் டப்ளின் கவுன்டி மூன்றாகப் பிரிந்தது. ஃபிங்கல், தெற்கு டப்ளின், டன் லேரி-ராத்டவுன் என மூன்று புதிய கவுன்டிகள் வந்தன. 1899 முதல் இயங்கிவந்த டப்ளின் கவுன்டி கவுன்சில் கலைக்கப்பட்டது. அது விட்டுச்சென்ற சொத்துகளில் யாரும் பங்கு கேட்காத ஒன்று அதன் மரபுச் சின்னம். அந்தக் கேடயத்துக்குள் இரண்டே பொருள்கள். கீழே மெல்லிய குச்சிகளை மாற்றி மாற்றிப் பின்னிய ஒரு படல். அதன்மேல் சிறகை மடக்கி நிற்கும் ஓர் அண்டங்காக்கை. அடியில் ஐரிஷ் மொழியில் ஒரு வாசகம். சொன்ன சொல்லுக்கு ஒத்த செயல் என்பது அதன் பொருள். சிங்கமும் கழுகும் மகுடமும் நெருக்கியடிக்கும் ஐரோப்பியச் சின்னங்களுக்கு நடுவே இவ்வளவு சிக்கனமான ஒன்றைப் பார்ப்பது அரிது. ஆனால் இந்தச் சிக்கனத்துக்குள் ஓர் ஒளிவு இருக்கிறது. தன்னை உருவாக்கியவர்கள் அந்நியர்கள்தான் என்பதை இந்தச் சின்னம் துணிச்சலாக ஒப்புக்கொள்கிறது. ஆனால் எந்த அந்நியர் என்று கேட்டால் வேறொருவரைக் கைகாட்டுகிறது. அந்தக் காக்கையை ஒரு பதிலாள் என்றே நான் வாசிக்கிறேன்.

வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் எளியது. லிஃபி ஆற்றை நடந்து கடக்க ஏதுவாக, சேற்றில் படல்களைப் பரப்பி அமைத்த துறை ஒன்று பழங்காலத்தில் இருந்தது. டப்ளினின் ஐரிஷ் பெயர் இன்றும் அந்தப் படல் துறையைத்தான் குறிக்கிறது. ஆகவே படல் உள்ளூர்க்காரர்களுக்கு. 841இல் நார்வேப் பக்கத்திலிருந்து வந்த வைக்கிங்குகள் அந்தத் துறைக்கு அருகில் கப்பல்களைக் கரையேற்றிப் பாசறை அமைத்தார்கள். 902இல் விரட்டப்பட்டு, 917இல் திரும்பி வந்து, ஊரைக் கட்டினார்கள். அவர்களுடைய கொடியில் இருந்த பறவை அண்டங்காக்கை. ஆகவே காக்கை அவர்களுக்கு. படல் பாதி, பறவை பாதி. வந்தவரும் இருந்தவரும் சேர்ந்து உருவாக்கிய இடம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்ல இது போதும். ஆனால் இது டப்ளின் என்ற ஊருக்கான விளக்கம். சின்னத்தைத் தாங்கியிருந்ததோ ஊரைச் சுற்றியிருந்த கவுன்டி. ஊருக்கும் கவுன்டிக்கும் பிறப்புச் சான்றிதழ்கள் வேறு வேறு.

கவுன்டி என்ற அமைப்பை அயர்லாந்துக்குக் கொண்டுவந்தது வைக்கிங்குகளும் அல்ல, ஐரிஷ் அரசர்களும் அல்ல. 1170இல் ஸ்ட்ராங்போ என்று பெயர்பெற்ற நார்மன் பிரபு, லென்ஸ்டர் அரசன் டெர்மட் மக்மரோவுடன் கூட்டுச் சேர்ந்து டப்ளினைப் பிடித்தான். அடுத்த ஆண்டே இங்கிலாந்து மன்னன் இரண்டாம் ஹென்றி நேரில் வந்து இறங்கினான். ஊரைப் பிரிஸ்டல் நகரத்தாருக்கு எழுதிக்கொடுத்தான். அந்த நூற்றாண்டு முடிவதற்குள், ஷெரிஃப் என்ற அதிகாரியை வைத்து, வரி வசூலித்து, வழக்குத் தீர்க்கும் ஆங்கிலேய நிர்வாகப் பகுதியாக டப்ளின் சுற்றுவட்டாரம் மாறியது. அயர்லாந்தில் முதலில் உருவான கவுன்டி இதுதான். கடைசியாக உருவானது 1606இல், இதே டப்ளினின் தெற்கு மலைப்பகுதியை வெட்டியெடுத்து அமைத்த விக்லோ. இடைப்பட்ட 400 ஆண்டுகளில் ஒவ்வொரு கவுன்டியும் ஏதோ ஒரு படையெடுப்பின் முடிவில்தான் வரைபடத்தில் ஏறியது. ஆக, டப்ளின் கவுன்டி தன் தோற்றத்தைச் சின்னத்தில் நேர்மையாக எழுத நினைத்திருந்தால், அதில் வந்திருக்க வேண்டியவர் நார்மன் பிரபுவும் ஆங்கிலேய ஷெரிஃபும். படலும் காக்கையும் அதற்கு 200, 300 ஆண்டுகள் முந்திய கதை.

இதை இன்னும் கூர்மையாக்குவது சின்னம் பிறந்த காலம். நகரத்துக்கு மாநகராட்சி இருந்தது, சாசனங்கள் இருந்தன, 13ஆம் நூற்றாண்டிலேயே முத்திரை இருந்தது. கவுன்டிக்கோ சின்னம் தாங்க ஓர் உடல்கூட இல்லை. நிலக்கிழார்கள் அடங்கிய பெருநடுவர் குழுக்களே நூற்றாண்டுக் கணக்கில் கவுன்டிக் காரியங்களைப் பார்த்துவந்தன. 1898ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் வந்த பிறகுதான் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த கவுன்டி கவுன்சில்கள் ஏற்பட்டன. சின்னமோ அதற்கும் பிந்தியது, 1940களுடையது. ஆயிரம் ஆண்டுப் பழமையின் தோரணையோடு நிற்கும் இந்தக் காக்கை, ரேடியோவும் ரேஷன் அட்டையும் புழங்கிய காலத்தில் கேடயத்தில் ஏறியது. அதைப் பழையது என்று எண்ணி வாசிப்பவர்கள், அது எதைச் சொல்ல வருகிறது என்பதைத் தவறவிடுவார்கள்.

அந்த 1940களில் சின்னம் வழங்கும் அலுவலகத்துக்கு நேர்ந்தது சின்னங்களைவிடச் சுவையான கதை. 1552இல் ஆறாம் எட்வர்ட் காலத்தில் அயர்லாந்துக்கென்று அல்ஸ்டர் கிங் ஆஃப் ஆர்ம்ஸ் என்ற பதவி உருவானது. யாருக்கு எந்தச் சின்னம் உரியது என்பதை மன்னரின் பெயரால் முடிவுசெய்தவர் அவர். அவருடைய அலுவலகம் டப்ளின் கோட்டைக்குள் இருந்தது. 1907இல் அங்கேயிருந்துதான் அயர்லாந்தின் அரச நகைகள் திருடுபோயின, இன்றுவரை கிடைக்கவில்லை. 1922இல் தனிநாடு அமைந்தபோது கோட்டையைக் கைமாற்றினார்கள், கொடியை இறக்கினார்கள், அஞ்சல் பெட்டிகளுக்குப் பச்சை வண்ணம் பூசினார்கள். இந்த அலுவலகத்தை மட்டும் யாரும் தொடவில்லை. சுதந்திர நாட்டின் தலைநகரில் உட்கார்ந்துகொண்டு, பிரிட்டிஷ் மன்னரின் சின்ன அதிகாரி மேலும் 20 ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தார். கடைசியாக அந்தப் பதவியில் இருந்த நெவில் வில்கின்சன் 1940இல் இறந்தபிறகு, 1943 ஏப்ரல் 1 அன்று அலுவலகம் ஐரிஷ் அரசிடம் வந்தது. எட்வர்ட் மக்லைசாட் என்ற வம்சாவளி ஆய்வாளர் அதற்குப் பொறுப்பேற்றார். பழைய பதவிப்பெயர் லண்டனுக்குப் போய் அங்கிருந்த இன்னொரு பதவியோடு ஒட்டிக்கொண்டது. நாட்டின் யாழ்ச் சின்னமே 1945இல்தான் முறையாகப் பதிவானது. அதாவது, தன்னை யாரென்று வரைந்து காட்டும் அதிகாரம் அயர்லாந்துக்கு அப்போதுதான் கைக்கு வந்திருந்தது. அப்படிக் கிடைத்த சூட்டோடு டப்ளின் கவுன்டி வரைந்துகொண்டது படையெடுத்து வந்தவர்களின் பறவையை.

முதலில் ஒரு மறுப்பைத் தீர்த்துவிட வேண்டும். அண்டங்காக்கை வைக்கிங்குகளுக்கு மட்டும் உரியதா என்ன? ஐரிஷ் புராணத்தில் மோரிகன் என்ற போர்த்தேவதை காக்கை உருவில் களத்தில் இறங்குகிறாள். கூ குலின் என்ற மாவீரன், விழுந்துவிடாதபடி தன்னை ஒரு கல்தூணோடு கட்டிக்கொண்டு நின்றபடியே உயிர்விடுகிறான். அவன் தோளில் அந்தப் பறவை வந்து அமர்ந்த பிறகுதான் பகைவர்கள் அவன் இறந்ததை நம்பி நெருங்குகிறார்கள். ஆலிவர் ஷெப்பர்ட் 1911 வாக்கில் வடித்த அந்தக் காட்சியின் வெண்கலச் சிலை, 1916 எழுச்சியின் நினைவாக டப்ளின் தலைமை அஞ்சலகத்தில் 1935இல் நிறுவப்பட்டது. கவுன்டி சின்னம் வரைந்தவர்கள் தினமும் கடந்துபோயிருக்கக்கூடிய இடம் அது. அப்படியிருக்க, அவர்கள் மனதில் இருந்தது ஐரிஷ் தேவதையின் பறவைதான் என்று ஏன் கொள்ளக்கூடாது? கொள்ளலாம்தான், பறவை ஒரு வீரனின் தோளில் இருந்திருந்தால். இங்கே அது ஆற்றுத்துறையின் படல்மேல் நிற்கிறது; இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நிலை அது. தவிர, டப்ளினையும் அண்டங்காக்கையையும் கோக்கும் பழைய சான்று உலோகத்திலேயே இருக்கிறது. 930களில் டப்ளினை ஆண்ட ஓலாஃப் குத்ஃப்ரித்சன் என்ற வைக்கிங் அரசன் 939இல் இங்கிலாந்தின் யார்க் நகரையும் கைப்பற்றினான். அங்கே அவன் அடித்த வெள்ளிக் காசின் ஒரு பக்கம் முழுக்கச் சிறகு விரித்த ஒரு பறவை. அதைச் சுற்றி அவன் பெயர். மன்னன் என்பதற்கு, அக்காலக் காசுகளில் வழக்கமாக வரும் லத்தீன் சொல்லை விட்டுவிட்டு, தன் சொந்த நார்ஸ் மொழிச் சொல்லையே பொறித்திருக்கிறான். காசைக் கையில் வாங்கும் ஆங்கிலேய வணிகனுக்கு ஆள்வது யார் என்று புரியவேண்டும், அவ்வளவுதான். பறவை அங்கே ஓர் அறிவிப்புப் பலகை.

கதைப்பக்கம் போனாலும் இதே பறவை. 1014 ஏப்ரல் 23 அன்று டப்ளினுக்கு வடக்கே குளோன்டார்ஃபில் நடந்த போரில் ஆர்க்னித் தீவுகளின் தலைவன் சிகுர்ட் கொண்டுவந்த கொடியில் அண்டங்காக்கை இருந்ததாக ஐஸ்லாந்துக் கதைகள் சொல்கின்றன. காற்றில் விரியும்போது பறவையே பறப்பதுபோலத் தோன்றுமாம். யாருக்கு முன்னால் அதை ஏந்திச் செல்கிறார்களோ அவருக்கு வெற்றி. ஏந்திச் செல்பவனுக்குச் சாவு. குளோன்டார்ஃபில் கொடியாளர்கள் ஒவ்வொருவராக விழ, கடைசியில் ஏந்த ஆளில்லாமல் சிகுர்ட் தானே அதை எடுத்துக்கொண்டு மாண்டான். அந்தக் கொடியை நெய்து கொடுத்தவள் அவன் தாய். அவளோ ஓர் ஐரிஷ் அரசனின் மகள் என்கிறது ஆர்க்னித் தலைவர்களின் வரலாற்றைச் சொல்லும் கதை. வைக்கிங்குகளின் அடையாளமென்று எல்லோரும் ஒப்பும் கொடியை நெய்தது ஐரிஷ் கை! கதைதான், வரலாறு என்று சாதிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் காலத்து உறவுமுறைகளைப் பார்த்தால் கதை ஒன்றும் மிகைப்படுத்தவில்லை. குளோன்டார்ஃப் போரில் ஒருபக்கம் ஐரிஷ் பேரரசன் பிரையன் போரு. மறுபக்கம் டப்ளினின் வைக்கிங் அரசன் சிட்ரிக். பிரையனின் மகளைக் கட்டியவன் சிட்ரிக். சிட்ரிக்கின் தாயோ ஒருகாலத்தில் பிரையனின் மனைவி. சிட்ரிக் பக்கம் நின்று போரிட்டவர்களில் பெரும்படை லென்ஸ்டரின் ஐரிஷ்காரர்கள்.

பிரையன் அந்தப் போரில் இறந்தாலும் வென்றது அவன் பக்கம். பள்ளிப்பாடமாக வளர்ந்த கதையில் அன்றோடு வைக்கிங்குகள் விரட்டப்பட்டார்கள். உண்மையில் சிட்ரிக் 1036 வரை டப்ளினை ஆண்டான். கிறிஸ்ட் சர்ச் தேவாலயத்தை நிறுவினான். விரட்டப்படவில்லை, ஊரோடு ஊராகக் கலந்துபோனார்கள். நார்மன்கள் வந்தபிறகுதான் அவர்கள் ஆற்றுக்கு அந்தப்பக்கம் ஒதுங்க நேர்ந்தது. ஆனால் 1940களின் அயர்லாந்துக்குத் தேவைப்பட்டது பள்ளிப்பாடக் கதைதான். தோற்கடித்து முடித்த எதிரியைத்தான் சுவரில் மாட்டலாம். வைக்கிங்குகளோடு யாருக்கும் பாக்கிக் கணக்கு இல்லை. அவர்களிடமிருந்து திரும்ப வாங்கவேண்டிய நிலமில்லை. அவர்களுடைய வாரிசு என்று அயர்லாந்து நாடாளுமன்றத்தில் யாரும் குத்திக்காட்டப்படப்போவதில்லை. அதற்கு மாறாக, இரண்டாம் ஹென்றியின் வாரிசோடு நாடு இருபதே ஆண்டுகளுக்கு முன்பு சண்டையிட்டு முடித்திருந்தது. வடக்கே ஆறு கவுன்டிகள் இன்னும் அவர் வசமிருந்தன. தன் பிறப்பில் அந்நியர் பங்குண்டு என்று சொல்ல விரும்பிய கவுன்சிலுக்கு, ஆபத்தில்லாத அந்நியர் ஒருவர் தேவை. காக்கை அந்த இடத்தை நிரப்பியது.

சின்னத்தின் அடியிலுள்ள வாசகத்தைப் பார்த்தால் இந்தக் கணக்கு இன்னும் தெளிவாகும். சொல்லுக்கு ஒத்த செயல் என்ற அந்தத் தொடர், ஃபியானா என்ற பழம்பெரும் வீரர் குழுவின் கதைகளிலிருந்து வருவது. உங்களைத் தாங்கி நிறுத்தியது எது என்று புனித பேட்ரிக் கேட்க, அந்தக் கூட்டத்தில் மிஞ்சிய முதியவர் ஒருவர் சொல்லும் பதிலில் இதுவும் ஒரு பகுதி. ஃபியானா பற்றிய பிற்காலக் கதைப்பாடல்களில் அவர்கள் யாரோடு பொருதுகிறார்கள்? பெரும்பாலும் லோக்லன் நாட்டவரோடு, அதாவது வைக்கிங்குகளோடு. ஆக, கேடயத்தில் நிற்பது வைக்கிங்கின் பறவை. அதைக் கீழிருந்து தாங்குவது வைக்கிங்கை எதிர்த்தவர்களின் சொல். இரண்டையும் சேர்த்து வைத்தவர்கள் இதைக் கவனித்தார்களா என்பது முக்கியமில்லை. அந்தப் பழம்பகை சுத்தமாக ஆறிவிட்டிருந்ததால்தான் அவர்களால் கூச்சமே இல்லாமல் சேர்க்க முடிந்தது. இதே வாசகத்துக்கு மேல் ஆங்கிலேய ஷெரிஃபின் வாளை வரைந்திருந்தால் கவுன்சில் கூட்டத்தில் நாற்காலி பறந்திருக்கும்.

நார்மனைக் குறிக்கும் கோட்டைச் சின்னம் ஏற்கனவே நகரத்துக்குப் போய்விட்டது, கவுன்டி வேறென்ன செய்யும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. டப்ளின் நகரச் சின்னத்தில் இருப்பவை தீப்பற்றி எரியும் மூன்று கோட்டைகள். 1607இல் அல்ஸ்டர் கிங் ஆஃப் ஆர்ம்ஸ் ஆக இருந்த டேனியல் மாலினோ அதை உறுதிசெய்தார். அடியில் லத்தீன் வாசகம்: குடிகள் கீழ்ப்படிந்தால் நகரம் செழிக்கும் என்ற பொருளில். நகர மாநகராட்சி சுதந்திரத்துக்குப் பிறகும் அந்தக் கீழ்ப்படிதலை அப்படியே வைத்துக்கொண்டது. விளக்குத் தூணிலும் வீதி இரும்பிலும் இன்றும் அதைப் பார்க்கலாம். வழிவழியாக வந்ததை யாரும் கேள்வி கேட்பதில்லை; புதிதாகத் தேர்ந்தெடுக்கும்போதுதான் கேள்வி வரும். ஆனால் கவுன்டியிடம் கோட்டைக்குப் பஞ்சமில்லை. அதன் வடக்குக் கரையில் மாலஹைடு கோட்டையில் டால்பட் குடும்பம் 1185 முதல், கிராம்வெல் கால இடைவெளி நீங்கலாக, ஏறக்குறைய 800 ஆண்டு வாழ்ந்தது. ஹோத் முனையில் செயின்ட் லாரன்ஸ் குடும்பம் அதே அளவு பழையது. நார்மன் வருகையின் நேரடிச் சாட்சிகள் இவை. கவுன்டியின் வரைபடத்தில் இவற்றை விடப் பெரிய அடையாளம் கிடையாது. இதில் வேடிக்கை என்னவென்றால், கடைசி டால்பட் பிரபு 1973இல் இறந்தபின், அதே பத்தாண்டில் மாலஹைடு கோட்டை டப்ளின் கவுன்டி கவுன்சிலின் கைக்கே வந்தது. காக்கையைத் தாளில் அச்சிட்ட கவுன்சில் நார்மன் கோட்டைக்குச் சுண்ணாம்படித்து, பூங்கா அமைத்து, நுழைவுச்சீட்டு விற்றது. கோட்டையைக் காப்பதில் அதற்குத் தயக்கமில்லை. அதைத் தன் முகமாகக் காட்டிக்கொள்ளத்தான் மனம் வரவில்லை.

நார்மன் அடையாளமே ஐரிஷ் சின்னங்களில் விலக்கப்பட்டது என்று இதிலிருந்து முடிவுகட்டினால் அது தவறு. அல்ஸ்டர் மாகாணச் சின்னத்தில் பொன் நிறத்தின்மேல் உள்ள சிவப்புச் சிலுவை டி பர்க் என்ற நார்மன் குடும்பத்துடையது. நடுவே ஓ'நீல் குலத்தின் செங்கை. யாரும் அதை அந்நியம் என்று தள்ளவில்லை. ஏனென்றால் டி பர்க் வழியினர் மேற்கே போய் ஐரிஷ் பேசி, ஐரிஷ் சட்டம் ஏற்று, பர்க் என்ற சாதாரண ஐரிஷ் குடும்பப்பெயராகக் கரைந்துவிட்டார்கள். டப்ளினில் அது நடக்கவில்லை. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கில ஆட்சி சுருங்கிச் சுருங்கி, டப்ளினையும் அதையொட்டிய சில கவுன்டிகளின் பகுதிகளையும் உள்ளடக்கிய ஒரு சிறு வட்டத்துக்குள் வந்து நின்றது. பேல் என்று அழைக்கப்பட்ட அந்த வட்டத்தின் எல்லையில் அகழியும் மண்மேடும் எழுப்ப 1494இல் நாடாளுமன்றமே சட்டம் போட்டது. நாடு முழுவதும் நார்மன்கள் ஐரிஷ்காரர்களாகிக்கொண்டிருந்தபோது, டப்ளின் கவுன்டி அகழிக்கு உட்பக்கம் இருந்தது. பிற கவுன்டிகளின் நார்மன் ஒரு மூதாதை. டப்ளின் கவுன்டியின் நார்மன், 1922 ஜனவரியில் மைக்கேல் காலின்ஸ் வந்து வாங்கிக்கொள்ளும்வரை கோட்டைச் சாவியைக் கீழே வைக்காதவர். அந்த வேறுபாடு இல்லாவிட்டால் என் வாதத்துக்கு ஆதாரமே இல்லை.

ஆனாலும் நார்மனை முழுக்க மறைக்க முடிந்ததா? மரபுச் சின்னம் என்ற கலையே 12ஆம் நூற்றாண்டில் குதிரை வீரர்கள் தலைக்கவசத்துக்குள் முகம் மறைந்து போரிட்ட காலத்தில், கேடயத்தைப் பார்த்து ஆளை அறிய உருவானது. அயர்லாந்துக்கு அதைக் கொண்டுவந்தவர்கள் நார்மன்கள். வைக்கிங்குகளுக்கு அது தெரியாது. அவர்கள் காலம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. ஓலாஃபின் காசிலோ சிகுர்ட்டின் கொடியிலோ பறவை இருந்ததே ஒழிய, தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கும் கேடயச் சின்னமாக அது ஒருநாளும் இருந்ததில்லை. ஆக, காக்கையைக் கேடயத்துக்குள் வைத்த அந்தக் கணமே, யாரைப் பெயர்சொல்ல வேண்டாமென்று நினைத்தார்களோ அவருடைய சட்டகத்துக்குள்தான் வைத்தார்கள். அங்கீகரித்துக் கையெழுத்திட்டது அவருடைய பழைய அலுவலகம்.

என் வாதத்துக்கு எதிராக நான் மதிக்கும் மறுப்பு வேறொன்று. வைக்கிங்குகளை ஆபத்தில்லாத அந்நியர் என்பது யாருடைய கண்ணில்? 821ஆம் ஆண்டுக் குறிப்பில், வேற்றினத்தார் ஹோத்தைச் சூறையாடி ஏராளமான பெண்களைச் சிறைபிடித்துப் போனதாக அல்ஸ்டர் ஆண்டுக்குறிப்புகள் பதிவுசெய்கின்றன. ஹோத் டப்ளின் கவுன்டியின் மண். பின்னர் டப்ளின் மேற்கு ஐரோப்பாவின் பெரிய அடிமைச் சந்தைகளில் ஒன்றாக வளர்ந்தது. அந்தப் பெண்களில் ஒருத்திக்குப் பேர் இல்லை, கல்லறை இல்லை, சின்னமும் இல்லை. அவளைக் கட்டியிழுத்தவனின் பறவைக்குக் கேடயம் கிடைத்தது. இதற்கு என்னிடம் முழுப் பதில் கிடையாது. பழம்பகை ஆறியதால் மட்டுமே சாத்தியமாகும் தேர்வுக்கு இதுதான் விலை என்று மட்டும் சொல்லலாம். நார்மன் கொடுமைக்கு நிலப்பத்திரமும் வழக்கும் வாரிசும் இருந்ததால் அது மறக்கப்படவில்லை. 821இன் கொடுமைக்கு ஒரு வரிக் குறிப்பைத் தவிர ஒன்றும் எஞ்சவில்லை. சின்னம் வரைந்தவர்கள் குற்றத்தின் அளவைப் பார்க்கவில்லை, வழக்கு நிலுவையில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள்.

சின்னம் ஏறி ஒரு தலைமுறை கழித்து மண்ணே சாட்சி சொன்னது. லிஃபிக் கரையில் வுட் கீ, ஃபிஷாம்பிள் தெரு பகுதியில் நகர மாநகராட்சி தன் அலுவலகம் கட்டத் தேர்ந்த இடத்தில் 1970களில் அகழ்ந்தபோது, வைக்கிங் ஊர் அடுக்கடுக்காக வெளிப்பட்டது. வீடுகள் எதனால் கட்டப்பட்டிருந்தன? படலால். தரையில் குச்சிகளை நட்டு, இடையே மெல்லிய ஹேசல் கொம்புகளைப் பின்னிய சுவர்கள், இடுப்புக்குச் சற்று மேல் உயரத்துக்கு. வேலியும் படல், வீட்டுக்குப் போகும் பாதையில் சேறு மிதிபடாமல் விரித்ததும் படல். ஈரமண் அவற்றை ஆயிரம் ஆண்டு காப்பாற்றி வைத்திருந்தது. பின்னலின் ஒவ்வொரு மடிப்பையும் எண்ணிப் பார்க்கும் அளவுக்கு. படல் உள்ளூர்க்காரனுக்கு, பறவை வந்தவனுக்கு என்ற பள்ளிக்கூடப் பங்கீடு அங்கே உடைந்தது. காக்கைக் கொடிக்காரன் தூங்கியதே படல் வீட்டில். 1978 செப்டம்பரில் அந்த இடத்தைக் காப்பாற்றச் சொல்லி, வரலாற்றுப் பேராசிரியரும் துறவியுமான எஃப். எக்ஸ். மார்ட்டின் தலைமையில் ஏறக்குறைய 20,000 பேர் ஊர்வலம் போனார்கள். மாநகராட்சி கேட்கவில்லை, தோண்டியது போக மிச்சத்தின்மேல் கான்கிரீட் எழும்பியது. பிறகு அதே நகரம் 1988இல் தன் ஆயிரமாவது ஆண்டைக் கொண்டாடியது. 841இலிருந்து கணக்கிட்டால் ஒன்றரை நூற்றாண்டு பிந்திய கொண்டாட்டம். எடுத்துக்கொண்ட தொடக்கம், ஐரிஷ் அரசன் ஒருவன் வைக்கிங் டப்ளினைப் பணியவைத்து வரி விதித்த சம்பவம். அதற்கென வெளியிட்ட 50 பென்ஸ் நாணயத்தில் இருந்ததோ எரியும் மூன்று கோட்டைகள். வைக்கிங் ஊரின் பிறந்தநாளுக்கு நார்மன் நகரத்தின் முத்திரை. கவுன்டி செய்ததையே நகரம் தலைகீழாகச் செய்தது.

1994இல் கவுன்டி பிரிந்தபோது மூன்று வாரிசுகளும் புதுச் சின்னமும் புது வாசகமும் எடுத்துக்கொண்டன. நிலமும் கடலும் தரும் வளம் என்றது ஃபிங்கல். துறைமுகம் முதல் மலை வரை என்றது டன் லேரி-ராத்டவுன். இது எங்கள் பொறுப்பில் என்றது தெற்கு டப்ளின். மூன்றும் நல்ல வாசகங்கள். திட்ட அறிக்கையின் முதல் பக்கத்துக்குப் பொருந்துபவை. பழைய கவுன்டி சட்டத்தில் போனாலும் மக்கள் மனதில் போகவில்லை. காரணம் கவுன்சில் அல்ல, விளையாட்டு. 1884இல் தொடங்கிய கேலிக் விளையாட்டுச் சங்கம் கவுன்டியை அணியின் அலகாக எடுத்துக்கொண்டது. ஆங்கிலேய ஷெரிஃபின் எல்லைக்கோட்டுக்குள் அதன்மூலம்தான் ஐரிஷ் இரத்தம் பாய்ந்தது. டப்ளின் அணி நகரம், கவுன்டி என்ற பிரிவினை பார்ப்பதில்லை. அதன் சட்டையில் நெடுநாள் இருந்தது நகரத்தின் மூன்று கோட்டைகள். பொதுச்சொத்தான அந்தச் சின்னத்துக்குத் தனியுரிமை கோர முடியாது, சட்டை விற்கும் எவரும் அதை அச்சிட்டுக்கொள்ளலாம் என்ற சிக்கல் எழுந்தபோது, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சங்கம் தனக்கென்று புதிதாக ஒன்றை வரைந்துகொண்டது. நகரத்துக்கு எரியும் கோட்டை, ஃபிங்கலுக்கு அண்டங்காக்கை, டன் லேரி-ராத்டவுனுக்கு வைக்கிங் கப்பல், தெற்கு டப்ளினுக்கு டாலா மடத்தின் நூல். நகரமும் கவுன்டியும் தனித்தனியே வைத்திருந்த கோட்டையும் காக்கையும் ஒரே சின்னத்துக்குள் வந்தது இப்படித்தான், சட்டை வியாபாரத்தில் உரிமைத்தொகை கைவிட்டுப் போகாமலிருக்க.